சனிக்கிழமைகளில் வெடித்த லோரி

கங்காவின் லோரி சனிக்கிழமைகளில்தான் வெடிக்கும். ஞாயிற்றுக்கிழமை அதில் பாதி வெடிக்கும். திங்கட்கிழமை ஆகிவிட்டால் வாயே திறக்காது.

“அண்ணே, இது எஞ்சின் கோளாறா, இல்ல கிரகக் கோளாறா?” என்று கேட்டுக்கொண்டே ஒரு திங்கட்கிழமை காலையில் ஈஜோக்கில் இருக்கும் என் பட்டறைக்குள் லோரியை ஓட்டி வந்து நிறுத்தினாள். நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. கங்கா சிரிக்காமல் இருந்து நான் பார்த்ததில்லை, அதனால் கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டு என்ன விஷயம் என்று கேட்டேன்.

கங்கா மீன் விற்பவள். விடியும் நேரத்தில் பாசிர் பெனம்பாங்கில் படகு வந்து சேரும் இடத்தில் மீன் எடுத்து, ஐஸ் போட்டுப் பெட்டியில் அடுக்கி, ஆற்றுப் பாலத்தைத் தாண்டி வந்து, எங்கள் பக்கத்துச் செம்பனைத் தோட்டங்களில் வீடு வீடாக விற்பாள். அவளே இந்தத் தோட்டங்களில் ஒன்றின் லயத்து வீட்டில் பிறந்தவள்தான். மூன்றாம் படிவத்தோடு படிப்பை நிறுத்திவிட்டு ரவாங்கில் ஒரு கையுறைத் தொழிற்சாலைக்கு வேலைக்குப் போனாள். வரிசையில் வரும் ரப்பர் கையுறைகளில் ஓட்டை இருக்கிறதா என்று நின்றபடியே பார்க்க வேண்டும். “ஓட்டையவே பாத்துப் பாத்து, பொண்ணு பாக்க வந்த ஆளையும் வெளிச்சத்துல தூக்கிப் பிடிச்சுப் பாக்கணும்போல ஆயிருச்சுண்ணே” என்பாள். அப்படிப் பார்த்து எடுத்த ஆள்தான் சன்னாசி. செம்பனை ஆலையில் காவல் வேலை. கல்யாணத்துக்குப் பிறகு தொழிற்சாலையை விட்டுவிட்டு மோட்டார் சைக்கிளின் பின்னால் ஒரு கூடையைக் கட்டி மீன் விற்கத் தொடங்கினாள். வியாபாரம் கூடையை விடப் பெரிதானதும், செக்கிஞ்சானில் தௌஹு என்னும் சோயாக் கட்டி செய்து விற்ற ஒரு சீனரிடமிருந்து இந்தப் பழைய லோரியை வாங்கினாள்.

அவள் கூவி விற்பதில்லை. யார் வீட்டில் என்ன என்பது அவளுக்குத் தெரியும். இந்த வீட்டில் மருமகளுக்கு இறால் தின்றால் உடம்பு தடிக்கும், அந்த வீட்டில் சபரிமலை மாலை போட்டிருக்கிறார்கள், மூலை வீட்டு நவமணிக்குக் கெம்போங் மீன் தலையோடு வேண்டும், தலையில்லாமல் கொடுத்தால் மீனே இல்லை என்பார். வயிறு குழைந்த மீனை யார் கேட்டாலும் கொடுக்க மாட்டாள். “அது பூனைக்கு” என்பாள். பூனைக்குப் போடுவாளே தவிர விலை குறைத்து விற்க மாட்டாள். இந்தப் பக்கத்தில் மீன்காரி நல்லவள் என்று பெயர் எடுப்பது எளிதல்ல. அவள் எடுத்திருந்தாள்.

அந்தப் பெயர்தான் இப்போது ஆட்டம் கண்டிருந்தது.

“மூணு வாரமா சனிக்கிழம லேட்டுண்ணே. நடுச்சடக்குல, ரோட்டு நடுவுலயே நின்னுருது. நிக்காட்டி குலுங்கிக் குலுங்கிப் போயி, டமார்னு வெடிக்குது. ஜெரம் ஊர்ல இருந்து பவனேஷ்னு ஒருத்தன் வேன் கொண்டாரான். உள்ள குளிர்பெட்டி. வாட்ஸ்அப்புல மீன் படம் போடுறான். மீனுக்கு மேக்கப் போட்ட மாதிரி இருக்கு.”

“உன் மீனு மாதிரி வருமா?”

“எம் மீனு வந்தாத்தானே!” என்றாள். “வர்ற ஞாயித்துக்கெழம திலகாக்கா வீட்டுல கறி விருந்து. மகன் கல்யாணம் முடிஞ்சு பொண்ணு வீட்டுக்காரங்க எல்லாம் வர்றாங்க. செனாங்கின் மீனு, இறாலு, நண்டு, மொத்தமும் எங்கிட்டதான் சொல்லியிருக்கு. அன்னைக்கும் லேட்டானா இனிமே பவனேஷ்தான்னு மொகத்துக்கு நேரா சொல்லிருச்சு. திலகாக்கா வாங்காட்டி அந்தத் தோட்டத்துல ஒரு வீடும் வாங்காது. ஒங்களுக்குத் தெரியாததா.”

எனக்குத் தெரியும். திலகா தோட்டக் கோயில் மாதர் குழுவின் தலைவி. திலகா எந்தக் கடையில் மல்லித்தூள் அரைக்கிறாரோ அந்தக் கடையில்தான் தோட்டம் முழுவதும் அரைக்கும். அந்தத் தோட்டம் போனால் கங்காவின் ஓட்டத்தில் பாதி போன மாதிரி.

லோரியை வைத்துவிட்டுப் போகச் சொன்னேன்.

இப்போது ஓடும் லோரிகள் பெரும்பாலும் டீசல். இது பெட்ரோலில் ஓடுகிற பழைய ஒரு டன் வண்டி. பெட்ரோல் எஞ்சினுக்குப் பொறி வேண்டும். பேட்டரியிலிருந்து சாவி வழியாகக் காயிலுக்கு மின்சாரம் போய், காயில் அதைப் பலமடங்கு பெருக்கி, பிளக்கில் பொறியாக விடும். பொறி இருந்தால் பெட்ரோல் எஞ்சினுக்குள் எரியும். ஓடுகிற வண்டியில் பொறி திடீரென்று நின்றுபோனால், சக்கரம் எஞ்சினைச் சுற்றிக்கொண்டே இருக்கும், எரியாத பெட்ரோல் புகையாகப் போய்ச் சைலன்சரில் சேரும். பொறி திரும்பி வந்ததும் அதில் தீப்பிடித்து வெடிக்கும். ஆக, வெடிப்பது நோய் அல்ல. பொறி போய்விட்டுத் திரும்பி வருவதுதான் நோய். எங்கே போகிறது என்பதுதான் கேள்வி.

எனக்கு முன்னால் இரண்டு பட்டறைகள் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லியிருந்தன. ஒரு பட்டறை காயிலை மாற்றியிருந்தது. இன்னொன்று பிளக், பிளக் வயர், பாயிண்ட், கண்டன்சர், டிஸ்ட்ரிபியூட்டர் மூடி எல்லாவற்றையும் மாற்றியிருந்தது. அந்த லோரியில் பழையதாக மிச்சமிருந்தது லோரி மட்டும்தான். புதுச் சாமான் என்பதற்காக நம்பிவிட முடியாது என்று நானும் ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்த்தேன். எல்லாம் நன்றாக இருந்தது. காயில் சூடானால் கோளாறு காட்டுமோ என்று மதியம் முழுவதும் எஞ்சினை ஓடவிட்டேன். டிஸ்ட்ரிபியூட்டர் மேல் தண்ணீர் தெளித்துப் பார்த்தேன். சாவித் துவாரத்தில் சாவியை ஆட்டிப் பார்த்தேன். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே ஏறி, ஸ்டீயரிங்குக்குக் கீழே குனிந்து, பியூஸ் பெட்டியில் இருந்த வயர்களை இழுத்து இழுத்துப் பார்த்தேன். எஞ்சின் ஒரு தடவைகூடத் தடுமாறவில்லை.

புதன்கிழமை வேறு மாதிரி யோசித்தேன். சனி, ஞாயிறுதான் அவளுக்கு மீன் அதிகம் போகும் நாள். அப்படியென்றால் பாரம் ஏறினால்தான் கோளாறு வருகிறது. மீன் பெட்டிகளில் எல்லாம் தண்ணீரை நிரப்பி லோரியில் ஏற்றினேன். தோட்டத்து மண்சடக்கில் ஏற்றமும் இறக்கமுமாக ஓட்டினேன். நவமணி வாசலில் நின்று பார்த்துவிட்டு, “என்னா தம்பி, கங்கா இப்ப மீன விட்டுட்டு வெறும் தண்ணி விக்குதா?” என்று கேட்டார். லோரி ஒரு தும்மல்கூடத் தும்மவில்லை.

சாயங்காலம் கங்கா வந்து கேட்டாள். “கண்டுபிடிச்சிட்டீங்களா?”

“எது இல்லங்கறதக் கண்டுபிடிச்சிட்டேன்.”

“அத வெச்சு நான் என்னா கொழம்பா வெக்கிறது?”

“சனிக்கிழம ஒன்கூட நானும் வர்றேன். அது உங்கிட்டதான் வெடிக்குது. நீ ஓட்டு, நான் பக்கத்துல ஒக்காந்து பாக்குறேன்.”

“வாங்க. ஆனா மீன் வாடைக்கு மூக்கப் பொத்தினீங்க, எறக்கி விட்டுருவேன்” என்று சொல்லிவிட்டு லோரியை எடுத்துக்கொண்டு போனாள். அப்போதுதான் அவள் பழைய கங்காவாக எனக்குத் தெரிந்தாள்.

சனிக்கிழமை பாசிர் பெனம்பாங்கில் ஏறிக்கொண்டேன். மடியில் டெஸ்ட் விளக்கும் ஒரு சுருள் வயரும் வைத்திருந்தேன். உள்ளே மீன் வாடையை விடச் செவ்வந்தி வாசம்தான் தூக்கலாக இருந்தது. டேஷ்போர்டின் நடுவில் முனீஸ்வரர் படம். சட்டத்தின் தலையில் மிளகாய் அளவுக்கு ஒரு சிவப்பு விளக்கு. சாவியைத் திருப்பினால் அந்த விளக்கு எரியும். படத்துக்குப் புது மாலை சாத்தியிருந்தாள். துளசியும் செவ்வந்தியும் நெருக்கமாகக் கட்டிய, கை தடிமனான மாலை. கிளம்புவதற்கு முன் வெயிலுக்கு வாடாமல் இருக்க அதன் மேல் தண்ணீர் தெளித்துக்கொண்டாள். என் பட்டறையில் மூன்று நாள் இருந்தபோதும் அங்கே ஒரு மாலை இருந்தது, ஆனால் அது காய்ந்து சருகாகக் கிடந்தது.

தார்ச்சடக்கில் லோரி நன்றாக ஓடியது. தோட்டத்து மண்சடக்கில் திரும்பி, பள்ளங்களில் குதித்துக் குதித்துப் போனபோது கங்கா திடீரென்று கத்தினாள்.

“அண்ணே பிடிச்சுக்கோங்க! ஐயா கண்ண மூடிட்டாரு!”

எனக்கு ஒன்றும் புரியவில்லை. கம்பியைப் பிடித்தேன். எஞ்சின் அடங்கியது, லோரி முக்கியது, பிறகு பின்னால் டமார் என்று ஒரு சத்தம். செம்பனை மரத்திலிருந்து கொக்குகள் எழுந்து பறந்தன. எஞ்சின் திரும்பவும் ஓடியது.

“பாத்தீங்களா?” என்றாள், ஏதோ தன் பிள்ளை பாடிக் காட்டியதைப் போல.

“கங்கா, கண்ண மூடிட்டாருன்னா என்னா?”

“வெளக்குதாண்ணே. வெடிக்கப் போவுதுன்னா ஐயா வெளக்க அணைச்சு எனக்குச் சொல்லிருவாரு. நான் ஸ்டீயரிங்க இறுக்கிப் புடிச்சுக்குவேன். அவரு இல்லாட்டி எப்பயோ கால்வாய்ல எறங்கியிருப்பேன்.”

“இத ஏன் எங்கிட்ட சொல்லல?”

“நீங்க கேக்கலியே! லோரி எப்ப வெடிக்கும்னு கேட்டீங்க, சொன்னேன். வெடிக்கிறதுக்கு முன்னாடி ஐயா என்னா செய்வாருன்னு கேட்டீங்களா?”

கேட்கவில்லை. நான் மட்டுமல்ல. அவள் சொல்லித்தான் தெரிந்தது, முதலில் பார்த்த பாசிர் பெனம்பாங் பட்டறை போர்மன் ஆ லியோங் படத்தைக் காட்டி, “அது ஒங்க சாமி சாமான், நான் கை வெக்க மாட்டேன் லா” என்று சொல்லிவிட்டாராம். இரண்டாவது பட்டறைக்காரர் கன்னத்தில் போட்டுக்கொண்டு அடுத்த வேலையைப் பார்த்தாராம். நான் செருப்பைக் கழற்றினேன். மூன்று பேரும் மரியாதையாக நடந்துகொண்டோம். லோரியில் எல்லா வயரையும் தொட்டோம், படத்துக்குப் பின்னால் போகும் ஒரு வயரைத் தவிர.

அடுத்த பள்ளம் வருவதற்குள் நான் மாலையையே பார்த்துக்கொண்டிருந்தேன். லோரி குதிக்கும்போதெல்லாம் ஈர மாலை ஊஞ்சல் மாதிரி ஆடி, படத்தை முன்பக்கம் இழுத்தது. இழுக்கும்போது விளக்கு அணைந்தது. மாலை பின்னால் போனதும் விளக்கு எரிந்தது. பிறகு டமார்.

“மாலை எப்ப போட்ட?”

“நேத்து வெள்ளிக்கெழம. வாராவாரம் வெள்ளிக்கெழம காலைல போடுவேன். அன்னைக்கு யாரும் மீனு வாங்க மாட்டாங்க, கோயிலுக்குப் போயிட்டு வீட்டுலதான் இருப்பேன்.”

வெள்ளிக்கிழமை புது மாலை, ஆனால் மண்சடக்கு இல்லை. சனிக்கிழமை ஈர மாலையும் மண்சடக்கும். ஞாயிறு மாலை கொஞ்சம் வாடும். திங்கட்கிழமை காய்ந்து எடை குறைந்துவிடும். புதன்கிழமை நான் பெட்டி பெட்டியாகத் தண்ணீர் ஏற்றினேனே, அதற்குப் பதில் ஒரு முழம் பூ வாங்கிப் போட்டிருந்தால் போதும்.

“அந்த வெளக்குக்கு வயர் போட்டது யாரு?”

கங்கா கியரை மாற்றினாள். “ஒங்க தம்பிதான், எங்க வீட்டுக்காரரு” என்றாள்.

அன்றைக்கும் தாமதமாகித்தான் போனது. திலகா வீட்டு வாசலில் நின்றபோது வெயில் ஏறிவிட்டது. திலகா இடுப்பில் கை வைத்துக்கொண்டு வந்தார். “இந்தா கங்கா, நாளைக்கும் இப்படித்தான் ஊர்கோலம் வருவியா? பவனேஷுகிட்டயும் சொல்லி வெச்சிட்டேன். அவன் எனக்கு அண்ணன் மகன் மொறை, கூப்புட்டா ஓடியாருவான். ஒம்போது மணிக்கு யாரு மீனு மொதல்ல வந்து எறங்குதோ அந்த மீனுதான் சட்டியில விழும்.” கங்கா தலையை ஆட்டிவிட்டு நண்டைக் கட்டிக்கொண்டிருந்தாள். கயிறு இரண்டு தடவை அவிழ்ந்தது, திரும்பக் கட்டினாள்.

மதியத்துக்குப் பிறகு லோரி என் பட்டறைக்கு வந்தது. சன்னாசியும் வேலை முடிந்து மோட்டார் சைக்கிளில் வந்துவிட்டான். தோட்டத் திருவிழாவுக்கு வண்ண விளக்குக் கட்டுவது அவன்தான். அதனால் அவனை எல்லோரும் ‘வயர்மேன்’ என்று கூப்பிடுவார்கள், அவனும் அதை நம்பிவிட்டான்.

முதலில் நிரூபிக்க வேண்டும். பார்த்த மாதிரி இருக்கிறது என்பது வேறு, அதுதான் என்பது வேறு. எஞ்சினை ஓடவிட்டு நான் பெட்ரோலை மிதித்துப் பிடித்துக்கொண்டேன். “கங்கா, மாலைய மெதுவா ஒன் பக்கம் இழு” என்றேன். இழுத்தாள். விளக்கு அணைந்தது, எஞ்சின் தொண்டையடைத்தது. “விடு.” விட்டாள். டமார்! சைலன்சருக்குப் பக்கத்தில் நின்று புகை விட்டுக்கொண்டிருந்த சன்னாசி, சிகரெட்டை எறிந்துவிட்டுத் தகரக் கதவுக்குப் பின்னால் போய் நின்றான்.

“இன்னொரு வாட்டி இழுக்கட்டாண்ணே?” என்றாள் கங்கா, அவனைப் பார்த்துக்கொண்டே.

“போதும் போதும்! நான் என்னா தப்பு செஞ்சேன்?” என்றான் சன்னாசி உள்ளிருந்தே.

“வெளக்குக்குக் கரண்டு எங்கேருந்து எடுத்த?”

“சாவி போட்டா எரியணும்னு சொல்லுச்சு. எஞ்சின் பக்கம் போற வயருங்கள்ல தேடினேன். ஒரு வயருல சாவி போட்டா கரண்டு வந்துச்சு. அதுலேருந்து எடுத்துட்டேன்.”

அது காயிலுக்குப் போகும் வயர். டேஷ்போர்டுத் தகரத்தில் ஓட்டை போட்டு, ஓட்டைக்கு ரப்பர்கூட வைக்காமல், விளக்கின் வயரை உள்ளே விட்டிருந்தான். மாலை இழுக்க இழுக்கத் தகரத்தின் விளிம்பு வயரின் தோலைத் தின்றுவிட்டது. செம்பு தகரத்தில் படும்போது, காயிலுக்குப் போக வேண்டிய கரண்டு முழுவதும் தகரத்தில் இறங்கிவிடும். இந்த மாதிரிப் பழைய வண்டியில் காயிலுக்கு முன்னால் கரண்டைக் குறைத்து விடும் ஒரு தடுப்புக் கட்டை உண்டு, அதனால் பியூஸும் எரியாது. பியூஸ் எரிந்திருந்தால் முதல் பட்டறையிலேயே பிடித்திருப்பார்கள்.

“சரி, படத்தக் கழட்டுவோம்” என்று திருப்புளியை எடுத்தேன்.

“அண்ணே, ஐயாவ அப்படியெல்லாம் எடுக்க முடியாது” என்றாள் கங்கா. “கோயில் பூசாரி பூச பண்ணி வெச்சது. எடுக்கணும்னா பூக் கேக்கணும்.”

நான் மறுக்கவில்லை. அது அவள் லோரி, அவள் சாமி. பட்டறை வேலியில் செம்பருத்தியும் நந்தியாவட்டையும் இருந்தன. சிவப்புப் பூ ஒன்றையும் வெள்ளைப் பூ ஒன்றையும் தனித்தனியே வாழை இலைத் துண்டில் ஒரே மாதிரி மடித்துப் படத்துக்கு முன்னால் குலுக்கிப் போட்டாள். வெள்ளை வந்தால் சம்மதம், சிவப்பு வந்தால் வேண்டாம். “ஐயா, ஒங்கள இந்த எடத்துலேருந்து எடுக்கலாமா?” என்று கேட்டுவிட்டு, பட்டறைக் குழாயடியில் குளித்துவிட்டு வந்த சன்னாசியை எடுக்கச் சொன்னாள். சன்னாசி கண்ணை மூடிக்கொண்டு ஒரு பொட்டலத்தை எடுத்துப் பிரித்தான்.

செம்பருத்தி.

கங்காவின் முகம் விழுந்துவிட்டது. அவன் பக்கம் திரும்பினாள். “வயரத் தப்பாப் போட்டதும் நீங்க, பூவத் தப்பா எடுத்ததும் நீங்க. கைய எங்கதான் வெச்சிருக்கீங்களோ!”

“நான் என்னா பாத்தா எடுத்தேன்?”

“பாத்திருந்தா மட்டும்!”

“இன்னொரு வாட்டி கேட்டா?” என்றேன்.

“ஒரே நாளுல ஒரே கேள்விய ரெண்டு வாட்டி கேக்கக் கூடாதுண்ணே. வேணாம். நாளைக்கு எப்படியோ பாத்துக்குறேன். விடியறதுக்கு முன்னாடியே கெளம்பிப் போயி, மெதுவா…” மெதுவாகப் போனாலும் மண்சடக்கு மண்சடக்குதான் என்று அவளுக்குத் தெரியும். மாலையை எடுத்துவிட்டுப் போ என்று சொல்லத் தோன்றியது. சொல்லவில்லை. வயரின் தோல் ஏற்கெனவே போய்விட்டது, மாலை இல்லாவிட்டாலும் ஒருநாள் அது நடுச்சடக்கில் நிறுத்தும். சின்னக் காரணத்தை எடுத்துவிட்டுப் பெரிய காரணத்தை விட்டுவைப்பது வேலை அல்ல.

திருப்புளியைக் கீழே வைத்தேன்.

“கங்கா, நீ ஐயாகிட்ட என்னா கேட்ட?”

“ஒங்கள எடுக்கலாமான்னு கேட்டேன்.”

“அவரு என்னா சொன்னாரு?”

“வேணாம்னாரு.”

“அவர எடுக்க வேணாம்னாரு. வயரப் பத்தி ஒண்ணும் சொல்லலியே. நான் அவரத் தொடவே மாட்டேன். கீழேருந்து வர்றேன்.”

கங்கா என்னைப் பார்த்தாள், படத்தைப் பார்த்தாள். “அண்ணே, நீங்க லோயருக்குப் படிச்சிருக்கணும்” என்றாள். பிறகு சிரித்தாள். அந்த வாரத்தில் முதல் சிரிப்பு.

மேலிருந்து செய்தால் சீக்கிரம் முடிந்துவிடும் வேலை. கீழிருந்து செய்ய, இருக்கையைக் கழற்றி வெளியே வைத்துவிட்டு, கால் வைக்கும் இடத்தில் தலையை விட்டு மல்லாக்கப் படுத்து, கிளட்சுக்கும் ஸ்டீயரிங் கம்பிக்கும் நடுவில் கையை நுழைக்க வேண்டும். சன்னாசி விளக்குப் பிடித்தான். பாதி நேரம் என் கண்ணில் பிடித்தான்.

“சன்னாசி, கோளாறு என் மூஞ்சியில இல்ல.”

“சரிண்ணே, சரிண்ணே.”

காயில் வயரில் அவன் முறுக்கி வைத்திருந்த இடத்தைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வயருக்கு ஒட்டும் டேப் இல்லையென்று, விரல் காயத்துக்குப் போடும் பிளாஸ்திரியைச் சுற்றியிருந்தான். “அடிபட்ட வயருதானேண்ணே” என்றான். அதைப் பிரித்து எடுத்து, காயில் வயரைச் சுத்தப்படுத்தி, இனி அதிலிருந்து யாரும் எதுவும் எடுக்க முடியாதபடி மூடிவிட்டேன். விளக்குக்கென்று பியூஸ் பெட்டியிலிருந்து ஒரு தனி வயர் எடுத்தேன். சாவி போட்டால்தான் அதில் கரண்டு வரும், அதற்கென்று தனியாக ஒரு சின்னப் பியூஸ். இனி விளக்கு வயர் எங்கே போய்த் தகரத்தில் பட்டாலும் அந்தச் சின்னப் பியூஸ் மட்டும் எரியும், விளக்கு மட்டும் அணையும், எஞ்சினுக்குத் தெரியவே தெரியாது. தோல் போன துண்டை வெட்டி எறிந்துவிட்டு, தகர ஓட்டைக்குப் பின்பக்கமிருந்து ரப்பர் வளையம் போட்டேன். படத்தின் மேல் என் விரல்கூடப் படவில்லை.

மாலைக்கு மட்டும் வழி செய்ய வேண்டியிருந்தது. “நான் தொட மாட்டேன். வாராவாரம் பூ வெக்கிற கை ஒன்னுது, நீ செய்யி” என்று கங்காவிடம் இரண்டு கொக்கிகளைக் கொடுத்தேன். படத்தின் இரண்டு பக்கமும் டேஷ்போர்டில் அவற்றைத் திருகினாள். இனி மாலையின் பாரம் கொக்கியில் நிற்கும், படத்தை இழுக்காது.

பிறகு சோதித்தோம். அவள் மாலையை இழுத்தாள், ஆட்டினாள். சன்னாசி வாளித் தண்ணீரைக் கொண்டுவந்து மாலையை நனைத்தான். நான் லோரியைப் பின்பக்கத்து மண்பாதையில் பள்ளம் பார்த்துப் பார்த்து ஓட்டினேன். முனீஸ்வரர் கண்ணை மூடவே இல்லை.

“நாளைக்கும் நீங்க வரணும்” என்றாள் கங்கா. “வெடிச்சா ஒங்களத்தான் திலகாக்கா முன்னாடி நிறுத்துவேன்.”

போனேன். பாசிர் பெனம்பாங்கில் அவள் அன்று பார்த்துப் பார்த்து மீன் எடுத்தாள். செவுளைத் தூக்கி உள்ளே சிவப்பாக இருக்கிறதா என்று பார்த்தாள், இறாலை முகர்ந்தாள், ஒரு பெட்டி நண்டைப் படகு முதலாளியான தவ்கேயிடம் திருப்பிக் கொடுத்தாள். தவ்கே ஏதோ முணுமுணுத்தார். அவளும் பதிலுக்கு முணுமுணுத்தாள். பிறகு இருவரும் சிரித்தார்கள்.

மண்சடக்கில் திரும்பியதும் அவள் வேகத்தைக் குறைத்தாள். இரண்டு கையும் ஸ்டீயரிங்கை இறுக்கிப் பிடித்திருந்தன. நேற்று வெடித்த பள்ளம் வந்தது. லோரி குதித்தது, மாலை ஆடியது. கங்கா ரோட்டைப் பார்க்காமல் விளக்கையே பார்த்தாள்.

“ரோட்டப் பாரு, நான் அவரப் பாத்துக்குறேன்” என்றேன்.

அடுத்த பள்ளம், அதற்கடுத்த பள்ளம். எஞ்சின் ஒரே சீராகப் பாடிக்கொண்டிருந்தது. மாட்டுக் கொட்டகைத் திருப்பத்தைத் தாண்டியதும் அவள் மூச்சை விட்டாள். அது சைலன்சரை விடச் சத்தமாகக் கேட்டது.

திலகா வீட்டு வாசலில் நிறுத்தினாள். கூடாரம் போட்டிருந்தது, நாற்காலிகள் அடுக்கியபடியே இருந்தன. யாரும் வெளியே வரவில்லை. சனி, ஞாயிறுகளில் தூரத்தில் டமார் என்று கேட்டதும் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்து பழகிவிட்டார்களாம், எங்களுக்கு அது பிறகுதான் தெரிந்தது. கங்கா ஹாரனை அழுத்தினாள். அது கொசு மாதிரி முனகியது. கடைசியில் நானே இறங்கிப் போய்க் கூப்பிட்டேன்.

திலகா தலையில் துண்டோடு, கையில் பாதி உரித்த வெங்காயத்தோடு வந்தார். கடிகாரத்தைப் பார்த்தார், லோரியைப் பார்த்தார்.

“என்னாடி இது, இப்பதானே வெங்காயம் உரிக்கவே ஒக்காந்தோம்! அடுப்புகூட மூட்டல. இவ்ளோ மீன இப்ப கொண்டாந்து நான் எங்க வெப்பேன்?”

“லேட்டா வந்தாலும் திட்டு, சீக்கிரம் வந்தாலும் திட்டா?”

“மீனு கெட்டுப்போனா நீயா பொண்ணு வீட்டுக்காரங்களுக்குப் பதில் சொல்லுவ?”

நாங்கள் பெட்டிகளை வாசலில் இறக்கி வைத்த நேரத்தில்தான் பவனேஷின் வெள்ளை வேன் வந்து நின்றது. நல்ல பையன், சட்டையை இஸ்திரி போட்டுப் போட்டிருந்தான். இறங்கிப் பெட்டிகளைப் பார்த்ததும் நடந்தது புரிந்துவிட்டது. “அத்த, நீங்க சொன்ன டைமுக்குத்தானே வந்திருக்கேன்” என்றான்.

“சொன்னது ஒம்போது மணி. மொதல்ல யாரு மீனு எறங்குதோ அதுதான்னு சொன்னேன். எறங்கிருச்சு” என்றார் திலகா. சொன்ன சொல்லில் அவர் எப்போதும் நிற்பார். செனாங்கினின் செவுளைத் தூக்கிப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. திலகா ஒன்றும் சொல்லாவிட்டால் நன்றாக இருக்கிறது என்று அர்த்தம்.

கங்கா வேனைச் சுற்றி ஒரு தடவை நடந்து பார்த்தாள். “தம்பி, உள்ள நல்லாக் குளிரா இருக்குமா?”

“நாலு டிகிரிக்கா” என்றான் பவனேஷ், கொஞ்சம் பெருமையாகவே.

“அப்ப ஒண்ணு செய்யி. அடுப்பு மூட்டுற வரைக்கும் எம் மீன ஒன் வேன்ல வெய்யி. அத்த வீட்டு விருந்துதானே, வேற ஆளா நீ?”

பவனேஷ் திலகாவைப் பார்த்தான். திலகா, “நிக்கிற பாரு! தூக்கிப் போடு. அப்புறம் இருந்து சாப்புட்டுட்டுதான் போவணும்” என்றார். அவன் தலையைச் சொறிந்துகொண்டு, இஸ்திரிச் சட்டையின் கையை மடித்துவிட்டு, கங்காவின் பெட்டிகளைத் தன் வேனில் ஏற்றத் தொடங்கினான். கங்கா கத்தியை எடுத்துக்கொண்டு பெண்களோடு உட்கார்ந்து இறால் தோலை உரித்தாள். யார் வீட்டு மருமகளுக்கு இறால் ஆகாது என்பதை அப்போதும் சொல்லி, அந்தப் பெண்ணுக்குத் தனியாகக் கெம்போங் எடுத்து வைத்தாள்.

“அடுத்த சனிக்கெழம பெரிய நண்டா கொண்டா” என்றார் திலகா, அடுப்பைப் பார்த்தபடியே. “சின்னது கொண்டாந்தா வாங்க மாட்டேன்.”

“சரிக்கா” என்றாள் கங்கா. அவள் குனிந்திருந்ததால் முகம் தெரியவில்லை, ஆனால் சிரிப்பில் தோள்கள் லேசாகக் குலுங்கின. பிறகு நிமிர்ந்து, வேனின் கதவைத் திறந்துபோட்டுவிட்டுப் போனில் மீனைப் படம் எடுத்துக்கொண்டிருந்த பவனேஷைப் பார்த்துக் கத்தினாள்:

“தம்பி, படம் அப்புறம் எடுக்கலாம், கதவச் சாத்து லா! எம் மீனுக்கு வேர்க்குது!”